முக்கால் பங்குத் தண்ணீர்

பாஸிஸத்தை எதிர்த்து எழுதப்பட்ட நாவல்களில் பல, அந்த ஆட்சியோடு சேர்ந்தே மறைந்துவிட்டன. இக்னாஸியோ ஸிலோனேயின் ‘ஃபோன்டமாரா’ இன்றும் உயிரோடு இருக்கிறது. அதற்குக் காரணம் அதன் அரசியல் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஸிலோனே 1900ல் இத்தாலியின் மலைநாட்டில், பெஸ்சினா என்ற ஊரில் பிறந்தவர். 1915ம் வருஷத்துப் பூகம்பத்தில் தாயாரை இழந்தார். 1921ல் இத்தாலியக் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர்; 1931ல் அதிலிருந்து விலக்கப்பட்டார். அடுத்த வருஷம் அவர் தம்பி பாஸிஸ்டுச் சிறையில் இறந்தார்.

நாடு கடந்து, ஸ்விட்ஸர்லாந்தில் நோயாளியாக இருந்தபோது, 1930ல் அவர் எழுதிய நாவல் இது. 1933ல் ஜூரிச்சில் வெளிவந்தது, அதுவும் ஜெர்மன் மொழிபெயர்ப்பாக. எந்த ஜனங்களைப் பற்றி எழுதினாரோ அவர்கள் கைக்கு அது போக வழியில்லை.

இப்படிப்பட்டவர் தம் சோகத்தைச் சொல்லிப் புலம்பியிருக்கலாம். ஸிலோனே அதைச் செய்யவில்லை. ஒரு குடியானவன், அவன் மனைவி, மகன் மூவரையும் கதை சொல்லவிட்டு, தாம் ஒதுங்கிக்கொள்கிறார். ஊருக்குப் பாயும் ஓடையைப் புதுப் பணக்காரன் ஒருவன் திருப்பிக்கொள்கிறான். ஜனங்களின் நண்பன் என்று சொல்லிக்கொள்ளும் வக்கீல் சமரசம் பேசுகிறான்: தண்ணீரில் முக்கால் பங்கு பணக்காரனுக்கு, மீதியில் முக்கால் பங்கு ஊராருக்கு, ஆக இருவருக்கும் முக்கால்! கணக்குப் பார்த்தால் ஊராருக்கு மூன்று வீசம்தான். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. உடனேயே வயிற்றைப் பிசைகிறது. சர்வாதிகாரம் கிராமத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

அடுத்த நாவலான ‘ரொட்டியும் ஒயினும்’ எனக்கு இவ்வளவு பிடிக்கவில்லை. அதில் பாத்திரங்கள் பிரசங்கம் செய்கிறார்கள். 1944ல் தாய்நாடு திரும்பிய ஸிலோனே, அதைத் திருத்தி 1955ல் மீண்டும் வெளியிட்டார்.

அவர் 1978ல் காலமானார். 1990களில், பழைய தஸ்தாவேஜுகளை ஆராய்ந்த சரித்திராசிரியர்கள் இருவர், அவர் 1930 வரை போலீசுக்குத் துப்புக் கொடுத்து வந்தவர் என்று எழுதினார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. குற்றச்சாட்டு மெய்யானால், நண்பன் வேஷம் போடும் அந்த வக்கீலை ஸிலோனே வெளியிலிருந்து மட்டும் பார்த்து எழுதவில்லை என்றாகிறது. அப்போதும் ஊராருக்குக் கிடைத்தது மூன்று வீசம்தான். அந்தக் கணக்கை நமக்குச் சரியாகப் போட்டுக் காட்டியவர் அவரே. ஆளைப் பற்றிய தீர்ப்பு எப்படி வந்தாலும், இந்த நாவலை நான் கைவிடமாட்டேன்.