பாய்காட் என்ன செய்தார்?



'பெயரிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்கள்' என்று பட்டியல்கள் நம்மிடையே நிறையவே சுற்றி வருகின்றன. இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஓர் ஆள் அல்லது ஓர் ஊர். அவ்வளவுதான். புதிர்ப்போட்டிக்கு இது போதும். மொழிப்பாடத்திற்குப் போதுமா? போதாது என்பேன். ஏன் என்று பார்ப்போம்.

நம் இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். 'திருவள்ளுவரைப் படித்தேன்' என்றால் அவர் இயற்றிய நூலைப் படித்தேன் என்று பொருள். இது கருத்தாவாகுபெயர். 'டீசல்' என்ற சொல்லும் ஏறக்குறைய இப்படித்தான். ருடால்ஃப் டீசல் உருவாக்கிய எந்திரத்திற்கு அவர் பெயர். அதில் ஊற்றும் எண்ணெய்க்கும் அதே பெயர். உடனே மாணவர்கள், ஆள்பெயர் ஒட்டிய சொல் எல்லாமே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சறுக்கல் அங்கேதான்.

'பாய்காட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். புறக்கணிப்பு என்கிறோம். சரி, பாய்காட் யாரைப் புறக்கணித்தார்? யாரையும் இல்லை! அவரைத்தான் ஊரே புறக்கணித்தது. 1880-இல் அயர்லாந்தின் மேயோ பகுதியில், ஒரு பிரபுவின் நிலங்களுக்குக் குத்தகை வசூலிக்கும் முகவராக இருந்தவர் சார்ல்ஸ் பாய்காட். குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்ட குடியானவர்களோடு தகராறு முற்றியது. கூலியாட்கள் அறுவடைக்கு வரவில்லை. கடைக்காரர்கள் அவருக்குச் சாமான் விற்கவில்லை. அந்த ஆண்டே அவர் பெயர் செய்தித்தாள்களில் வினைச்சொல்லாகிவிட்டது. அவர் எழுவாய் அல்ல, செயப்படுபொருள். பட்டியல் இதைச் சொல்வதில்லை.

'கில்லட்டின்' கதையும் இதே மாதிரிதான். அந்தத் தலைவெட்டி எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் டாக்டர் கில்லட்டின் என்று எழுதினால் தவறு. ஏழை பணக்காரர் எல்லாருக்கும் ஒரே மாதிரி, அதிக வலியில்லாத தண்டனை வேண்டும் என்று 1789-இல் பிரெஞ்சு மன்றத்தில் பேசியவர் அவர். எந்திரத்தை வடிவமைத்தது அந்துவான் லூயி என்ற அறுவை மருத்துவர். அந்த எந்திரத்திலேயே கில்லட்டின் தலை போனது என்பதும் கட்டுக்கதை. அவர் 1814-இல் இயற்கையாகவே இறந்தார்.

ஊர்ப்பெயர்களிலும் கவனம் தேவை. பனாமா தொப்பி பின்னப்படுவது எக்குவடோரில். பனாமா வழியாக விற்பனைக்குப் போனதால் அந்தப் பெயர். வான்கோழியின் தாயகம் அமெரிக்கா; ஆங்கிலேயர் அதைத் துருக்கியின் பெயரால் 'டர்க்கி' என்கிறார்கள். மலாயில் அதுவே 'ஆயாம் பெலாண்டா', அதாவது டச்சுக் கோழி! சிரிக்காதீர்கள், நாமும் அப்படித்தான். தென்னமெரிக்காவில் தோன்றிய நிலக்கடலைக்குத் தமிழில் 'மணிலாக்கொட்டை' என்றொரு பெயர் உண்டே. ஆக, சொல்லில் உள்ள ஊர் எப்போதும் பிறந்த ஊர் அல்ல; சில நேரம் வந்த வழி.

'ஹேம்பர்கர்' என்ற சொல்லைப் பார்த்து, "டீச்சர், இதுல ஹேம் இருக்கா?" என்று கேட்கும் மாணவரை அதட்டாதீர்கள். நல்ல கேள்வி அது. ஹேம்பர்க் என்ற ஜெர்மானிய நகரின் பெயரோடு 'அர்' சேர்ந்த சொல் அது. பன்றி இறைச்சிக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மக்கள் அதை 'ஹேம்', 'பர்கர்' என்று தவறாகப் பிரித்தார்கள். அந்தப் பிழையிலிருந்தே 'சீஸ்பர்கர்' பிறந்தது. பதம் பிரிப்பதன் அருமையைக் காட்ட இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆசிரியர்களே, பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 'எப்படி?' என்று மூன்றாவது கட்டம் ஒன்று சேருங்கள். அவர் செய்தாரா, அவருக்குச் செய்யப்பட்டதா? பொருள் அங்கே விளைந்ததா, அவ்வழியே வந்ததா? மாணவர்களே, கட்டுரையில் 'கண்டுபிடித்தவர்' என்று எழுதும் முன் ஒரு நொடி நில்லுங்கள். மனப்பாடம் செய்தது தேர்வு முடிந்ததும் போய்விடும். கேள்வி கேட்கும் பழக்கம் கூடவே வரும்.