கவிழ்ந்த சீட்டும் மல்லாந்த முகமும்

போக்கரைப் படமாக்குவது பெரும் தொல்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டமில்லை, அடிதடியில்லை, நடப்பதெல்லாம் மண்டைக்குள்தான். உள்ளே நடப்பதை வெளியே காட்டிவிட்டால் ஆடுபவன் தோற்றுப்போவான். காட்டாவிட்டால் படம் தோற்றுப்போகும். இந்தச் சிக்கலை மூன்று இயக்குநர்கள் மூன்று விதமாக அவிழ்த்திருக்கிறார்கள்.

நார்மன் ஜூவிசன் 1965இல் எடுத்த ‘தி சின்சினாட்டி கிட்’ நிறத்தை நம்பியது. 1930களின் நியூ ஆர்லியன்ஸ். பேர் வாங்கத் துடிக்கும் கிட்டாக ஸ்டீவ் மெக்வீன். வெல்ல ஆளில்லாத கிழவர் லான்ஸியாக எட்வர்ட் ஜி. ராபின்சன். ஆடுவது ‘ஃபைவ் கார்டு ஸ்டட்’: ஒரு சீட்டு கவிழ்ந்திருக்கும், நாலு மல்லாந்திருக்கும். ஆக, பார்க்கிற நமக்குத் தெரியாதது ஆளுக்கு ஒரே சீட்டுதான். ஜூவிசன் சட்டை, சுவர், திரைச்சீலை எல்லாவற்றின் நிறத்தையும் வேண்டுமென்றே அடக்கிவைத்தார். சீட்டின் சிவப்பு மட்டும் கண்ணில் குத்த வேண்டும் என்பது திட்டம்.

அதன் பலன் கடைசி ஆட்டத்தில் தெரிகிறது. கிட்டின் முன்னால் இரண்டு பத்து, இரண்டு ஏஸ். லான்ஸியின் முன்னால் எட்டு, ராணி, பத்து, ஒன்பது, அத்தனையும் டைமண்ட். ஒவ்வொரு சீட்டாக விழ விழ அந்தச் சிவப்பு வரிசை வளர்கிறது. ஜாக்கி ஒன்று கிடைத்தால் தொடர் முழுமையாகிவிடும் என்பது கிட்டுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஐந்து சீட்டில் அப்படி ஒரே இனத் தொடர் அமைவது ஏறத்தாழ 65,000இல் ஒரு தடவை. கணக்குப் பார்த்தால் லான்ஸி முதலிலேயே சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். அவரோ நிதானமாகப் பணப்பையைத் திறந்து இன்னும் 5,000 டாலர் ஏற்றுகிறார். ராபின்சன் இங்கே வெற்றிக் களிப்பு எதையும் காட்டுவதில்லை. வயதான ஒரு வங்கிக்காரர் கடனைத் தீர்க்கிற முகம் அது. கவிழ்ந்த சீட்டு திரும்புகிறது: டைமண்ட் ஜாக்கி. மெக்வீனின் நீலக் கண்கள் அதன்மேல் நிலைகுத்தி நிற்கின்றன. கிட்டிடம் இருந்தது மூன்று ஏஸ், இரண்டு பத்து, அதாவது ‘ஃபுல் ஹவுஸ்’. வேறு எந்த நாளிலும் ஜெயித்திருக்கக்கூடிய கை. தான் ஆடியது தப்பாட்டம் என்று லான்ஸிக்கே தெரியும். நேரம் பார்த்து அந்தத் தப்பைச் செய்ததுதான் அவர் பெருமை.

41 வருடம் கழித்து வந்த ‘கேசினோ ராயல்’ படத்திலும் மூன்று ஏஸ் கொண்ட ஃபுல் ஹவுஸை ஒரே இனத் தொடர்தான் வீழ்த்துகிறது. ஆனால் அங்கே கடைசி ஆட்டத்தில் நாலு பேர் கையிலும் பெருஞ்சீட்டு. ஒன்றைவிட ஒன்று பெரிதாகத் திறக்கத் திறக்க வாணவேடிக்கை பார்த்த திருப்தி வருகிறதே தவிர, வயிற்றைக் கலக்குவதில்லை.

ஜான் டாலின் ‘ரவுண்டர்ஸ்’ (1998) கையில் எடுத்தது ஒரு பிஸ்கட்டை. நியூயார்க்கின் ரகசியச் சீட்டு விடுதி ஒன்றை நடத்தும் ரஷ்யன் டெடி கேஜிபியாக ஜான் மால்கோவிச். அவர் பேசும் ரஷ்ய வாடை அடிக்கும் ஆங்கிலம் கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் அந்த ஓரியோவைக் காதருகே கொண்டுபோய்ப் பிளக்கும் விதத்துக்காக மன்னித்துவிடலாம். பிளந்து வாயில் போட்டுக்கொண்டால் கையில் பலமான சீட்டு. எதிரே உட்கார்ந்திருக்கும் மேட் டேமன் அதைப் பிடித்துவிடுகிறான். நல்ல சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒதுங்குகிறான். நயம் அடுத்த நொடியில் இருக்கிறது. பிடித்த ரகசியத்தைப் பொத்திவைத்து விடியவிடியக் காசாக்கலாம். அவனோ தான் கண்டுகொண்டதை எதிராளிக்குப் புரியவைக்கிறான். பிஸ்கட் தட்டு பறக்கிறது, கூடவே டெடியின் நிதானமும். அதன்பிறகு பலமான கையை மறைத்துப் பதுங்கி ஆடி அவனைப் பொறியில் விழவைப்பது சுலபமாகிவிடுகிறது. அந்தப் பொறியும் சும்மா வந்ததல்ல. 1988 உலகப் போட்டியின் இறுதியில் ஜானி சான், எரிக் சைடலை மடக்கிய ஆட்டத்தை நாயகன் வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்தவன். எழுத்தாளர்கள் பிரையன் கோப்பல்மனும் டேவிட் லெவியனும் அந்த உலகம் அறிந்தவர்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

ராபர்ட் ஆல்ட்மன் ‘கலிஃபோர்னியா ஸ்ப்ளிட்’டில் (1974) காதைப் பிடித்துக்கொண்டார். எட்டுத் தடங்களில் ஒலியைத் தனித்தனியே பதிவுசெய்தார். சூதாட்டக் கூடத்தில் நாயகர்கள் பேசுவதும் பக்கத்து மேசைப் பெண்மணி புலம்புவதும் ஒரே சமயத்தில் விழுகின்றன. எலியட் கோல்டின் வாய் ஓயாத அரட்டை அந்த இரைச்சலில் மீன் மாதிரி நீந்துகிறது. கடைசியில் ரீனோ நகரில் ஜார்ஜ் சீகலுக்கு அதிர்ஷ்டம் கொட்டுகிறது. தொட்டதெல்லாம் ஜெயிக்கிறது, தொகை 82,000 டாலரை எட்டுகிறது. கோல்டு துள்ளுகிறார். சீகலோ ஒன்றும் தோன்றவில்லை என்கிற முகத்தோடு களைத்து உட்கார்ந்துவிடுகிறார். கிட் தோற்றபோது பார்த்த அதே வெறுமை, இங்கே ஜெயித்தவன் முகத்தில்.

போக்கர் தெரியாதவர்கள் ‘ரவுண்டர்ஸி’ல் தொடங்கலாம், ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போகிறது. தெரிந்தவர்கள் ‘சின்சினாட்டி கிட்’டைப் பார்த்துவிட்டு லான்ஸி ஆடியது சரியா என்று சண்டை போடலாம். ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஆல்ட்மன்.