ஜெர்மனி என்றால் யார்?

வரலாற்று வகுப்பு. முதல் உலகப்போர் பற்றிய பாடம். “1914 ஆகஸ்டுத் திங்கள் 1-ஆம் நாள் ஜெர்மனி ரஷ்யாமீது போர் தொடுத்தது” என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினோம். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்து நின்றான்.

“ஜெர்மனி என்றால் யார், அய்யா?”

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். சுவரில் தொங்கிய நிலப்படத்தில் கோலை வைத்துக் காட்டினோம். “அது நிலந்தானே, அய்யா! நிலமா போர் தொடுத்தது?” என்றான் அவன். மணி அடித்தது, நாம் தப்பித்தோம்.

தப்பித்தது வீடு வந்து சேரும்வரைதான். பாயில் படுத்த பின்பும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. எழுந்து விளக்கைப் போட்டு, கல்லூரி நாளில் கண்ணீர் மல்கப் படித்த ஒரு புதினத்தை மீண்டும் கையில் எடுத்தோம். எரிக் மரியா ரெமார்க் என்னும் ஜெர்மானியர் எழுதி, 1929-இல் நூலாக வெளிவந்த ‘மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை’ என்பது அது. ‘மேற்குப் போர்முனையில் எல்லாம் அமைதி’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் உலகம் அறிந்த ஏடு. அன்று அழுதுகொண்டே படித்தோம். இம்முறை அந்த மாணவனின் கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தோம். கண்ணீர் குறைந்தது, கேள்வி வளர்ந்தது. அதன் விளைவே இத்திறனாய்வு.

*

நூலின் பெருமையை முதலில் சொல்லிவிடுவோம். ரெமார்க் ஏட்டறிவைக் கொண்டு போரை எழுதியவர் அல்லர். 1917-இல் மேற்கு முனையில் குண்டுச் சிதறல்கள் பாய்ந்து மருத்துவமனையில் கிடந்தவர். வீரக் காவியம் என்றும், தியாக வேள்வி என்றும் பூச்சூட்டிப் பொட்டிட்டுக் காட்டப்பட்ட போரின் ஒப்பனையைக் கலைத்து, உள்ளே இருந்த பிண நாற்றத்தை உலகுக்குக் காட்டியவர்.

காண்டோரெக் என்னும் பள்ளி ஆசிரியனை அவர் படைத்திருக்கிறார் பாருங்கள்! வகுப்பிலே நாட்டுப்பற்றைப் பொழிகிறான் அவன். கேட்ட பிள்ளைகள் வரிசையாகச் சென்று படையில் சேருகிறார்கள். தயங்கி நின்ற ஒருவனும் இழுத்துச் செல்லப்படுகிறான். தயங்கிய அவனே முதலில் சாகிறான். ஆசிரியனோ ஊரில் இருக்கிறான்! கையிலே சாக்கட்டியைப் பிடித்திருக்கும் எவரும் இந்தப் பக்கங்களை நடுக்கமின்றிப் புரட்ட முடியாது. நம்மால் முடியவில்லை.

ஹிம்மல்ஸ்டாஸ் என்பவன் இன்னொருவன். நேற்றுவரை கடிதம் சுமந்த தபால்காரன். தோளிலே ஒரு சிறு பதவி ஏறியதும், தன்கீழ் வந்த பிள்ளைகளையே சேற்றில் புரட்டி மகிழும் கொடியவனாகிறான். அதிகாரம் அரண்மனையில் மட்டும் வாழ்வதில்லை; அது படிப்படியாக இறங்கி வந்து, கடைசிப் படியில் நிற்பவனுக்கும் மிதிக்க ஒரு முதுகைக் காட்டிவிடுகிறது. இதை விளக்க அரசியல் நூல்கள் நூறு பக்கம் எடுத்துக்கொள்ளும். ரெமார்க்குக்கு ஒரு தபால்காரன் போதும்.

குண்டு விழுந்த குழியிலே, கதைத் தலைவன் பால் பாய்மர், பிரெஞ்சு வீரன் ஒருவனைக் கத்தியால் குத்துகிறான். குத்துப்பட்டவன் உடனே சாகவில்லை. மணிக்கணக்கில் அவன் மூச்சு இழுப்பதை அருகிலிருந்து கேட்கிறான் பால். இறந்தவனின் பையைத் திறந்தால், அவன் அச்சுக் கோக்கும் தொழிலாளி! மனைவியும் பெண் குழந்தையும் உள்ளவன்! பகைவன் என்று சொல்லி அனுப்பப்பட்டவன், பாட்டாளி என்று கண்டுகொள்ளப்படும் அந்த இடம், இருபதாம் நூற்றாண்டு இலக்கியத்தின் உயர்ந்த இடங்களுள் ஒன்று.

இத்தனையும் உண்மை. எனினும், மாணவன் கேட்ட கேள்விக்கு இந்நூலில் விடை உண்டா?

*

விடையின் வாயிற்படிவரை ரெமார்க் நம்மை அழைத்துச் செல்கிறார். கெய்சர் மன்னர் படையைப் பார்வையிட வருகிறார். வந்து போன பின், வீரர்கள் கூடிப் பேசுகிறார்கள். மன்னர் ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போர் வந்திருக்குமா? நாம் நம் நாட்டுக்காகப் போராடுகிறோம், பிரெஞ்சுக்காரன் தன் நாட்டுக்காகப் போராடுகிறான், யார் பக்கம் நியாயம்? ஒரு நாடு இன்னொரு நாட்டைப் புண்படுத்துவது எப்படி, மலை மலையைப் புண்படுத்துமா? நம் மாணவன் கேட்ட அதே கேள்விதான்! நெஞ்சு துடிக்கப் படிக்கிறோம். ஆனால் என்ன நடக்கிறது? இந்த எழவைப் பற்றிப் பேசாதிருப்பதே நலம் என்று ஒருவன் முடித்துவிடுகிறான். பேச்சு அறுந்துவிடுகிறது.

அந்த இடத்திலே புதினமும் அறுந்துவிடுகிறது என்பதே நம் குற்றச்சாட்டு. அதன்பின் போர், மழைபோல் பெய்கிறது, கொள்ளைநோய்போல் பரவுகிறது. விதியென்று சொல்லாமலே விதியாக நிற்கிறது. கடவுளின் விதியைக் கைவிட்ட நாம், வரலாற்றின் விதி என்ற பெயரில் அது கொல்லைப்புறமாக உள்ளே வந்தால் வரவேற்பதா?

போர் மழையன்று. அதைப் பெய்வித்தவர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, சட்டம் உண்டு.

1871-ஆம் ஆண்டின் ஜெர்மன் பேரரசுச் சட்டப்படி, போர் தொடுக்கும் உரிமை கெய்சருடையது. அவர் இசைவு பெறவேண்டியது, உறுப்பு நாட்டு அரசாங்கங்களின் ஆட்கள் அமர்ந்த மேலவையிடம். மக்கள் வாக்களித்து அமைத்த ரைக்ஸ்டாக் மன்றத்திடம் அவர் கேட்க வேண்டியதில்லை. பணம் வேண்டுமானால் மட்டும் அங்கே வரவேண்டும். அப்படியே வந்தார்கள். ஆகஸ்டு 1-இல் ரஷ்யாமீது போர். 3-இல் பிரான்சுமீது போர். 4-இல்தான் மன்றம் கூடி, 500 கோடி மார்க் போர்க்கடனுக்குக் கைதூக்கியது. வீடு பற்றி எரியத் தொடங்கியபின், எண்ணெய் வாங்கப் பணம் கேட்டனர்!

அந்த மன்றத்துக்குத்தான் வாக்களித்தவர் யார்? 25 வயது நிறைந்த ஆண்கள். பெண்களுக்கு வாக்கில்லை. படைப்பணியில் இருக்கும் வீரனுக்கும் வாக்கில்லை. பள்ளி வகுப்பிலிருந்து நேரே பாசறைக்குப் போன பால் பாய்மருக்கும் அவன் தோழர்களுக்கும், சாக வயது வந்திருந்தது. வாக்களிக்க வயது வரவில்லை! பேரரசின் பெரும்பகுதியான பிரஷ்யாவின் நாட்டு மன்றத் தேர்தலிலோ, வரி கட்டும் அளவைக் கொண்டு வாக்காளரை மூன்று வகுப்பாகப் பிரித்தனர். 1908-இல் முதல் வகுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர்; மூன்றாம் வகுப்பில் 82 பேர். இரு வகுப்புக்கும் ஒரே வலிமை. வாக்கை எடை போட்டது பணம். குழியிலே விழுந்தபோது மட்டும் மூன்று வகுப்பும் ஒரு வகுப்பாயிற்று.

‘ஜெர்மனி’ என்றால் யார் என்பதற்கு விடை இதுதான். போரை அறிவிக்கும்போது அரண்மனைக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறிய ஜெர்மனி. பிணங்களை எண்ணும்போது மட்டும் குடிசைவரை விரியும் ஜெர்மனி! காண்டோரெக்கின் குற்றம் அவன் வீரம் பேசியது மட்டுமன்று. இந்த இரு ஜெர்மனிகளையும் ஒரே சொல்லால் அழைத்துப் பிள்ளைகளை ஏமாற்றினானே, அதுவே பெருங்குற்றம். ரெமார்க் அவன் வீரப்பேச்சை எள்ளி நகையாடினார். அந்தச் சொல்லை உடைத்துக் காட்டாமல் விட்டார்.

*

கதை முடியும் நாளைக் கவனியுங்கள். பால் பாய்மர் இறப்பது 1918 அக்டோபரில். அன்று போர்முனையில் குறிப்பிடத்தக்க செய்தி எதுவும் இல்லை என்று படைத்தலைமை அறிவிக்கிறது. நூலின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. உள்ளத்தைப் பிளக்கும் முடிவுதான், மறுக்கவில்லை.

ஆனால் அதே அக்டோபர்க் கடைசியிலே, வடக்கே, மிகப் பெரிய செய்தி ஒன்று பிறந்துகொண்டிருந்தது! தோற்றுவிட்ட போரிலே, மானம் காக்கக் கடைசியாக ஒரு கடற்போர் நடத்தக் கடற்படைத் தளபதிகள் திட்டமிட்டனர். மாலுமிகள் மறுத்தனர். கொதிகலன்களின் நெருப்பை அணைத்தனர். நவம்பர்த் தொடக்கத்தில் கீல் துறைமுகம் கிளர்ந்தெழுந்தது. 9-ஆம் நாள் கெய்சரின் முடி விழுந்தது. 12-ஆம் நாள், 20 வயது நிறைந்த ஆண் பெண் அனைவருக்கும் சரிநிகர் வாக்குரிமை அறிவிக்கப்பட்டது. 1919-இன் குடியரசுச் சட்டம், போரும் அமைதியும் மன்றம் இயற்றும் சட்டத்தாலேயே அறிவிக்கப்படவேண்டும் என்று எழுதிவைத்தது.

வீரர்களின் பேச்சு எந்தக் கேள்வியில் அறுந்ததோ, அந்தக் கேள்விக்கு மாலுமிகள் செயலால் விடை சொன்னார்கள். சில நாள் முன்னதாகவே புத்தகத்தை மூடிவிடுகிறார் ரெமார்க். சாகத் தெரிந்த தலைமுறையைக் கண்டோம் அவர் ஏட்டில். மறுக்கத் தெரிந்த தலைமுறையைக் காணவில்லை.

*

“இலக்கியக்காரனிடம் அரசியல் சட்டப் பாடம் கேட்பது என்ன முறை? இது குற்றப்பத்திரிகை அன்று என்று அவரே முன்னுரையில் தெளிவாக்கிவிட்டாரே!” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு வலுவான சான்றையும் நாமே தருகிறோம். குற்றஞ்சாட்டவில்லை என்று அவர் கூறியும், குற்றவாளிகள் அஞ்சினார்கள். 1930 டிசம்பரில் பெர்லினில் இக்கதையின் திரைப்படம் ஓடிய அரங்கிலே, கோயபல்சின் ஆட்கள் நாற்றக் குண்டு வீசினர், வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டனர். சில நாளில் அரசு படத்துக்குத் தடை விதித்தது. 1933 மே 10-இல் நூலைத் தீயிலிட்டனர். 1938-இல் ஆசிரியரின் குடியுரிமையைப் பறித்தனர். 1943-இல் அவர் தங்கை எல்பிரீடே, போர் தோற்றுவிட்டது என்று பேசிய குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டார். போரின் ஒப்பனையைக் கலைப்பதே கொடுங்கோலனுக்குப் பேராபத்து என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஆயினும், வெளிவந்த ஒன்றரை ஆண்டுக்குள் பல மொழிகளில் இருபத்தைந்து லட்சம் படிகள் விற்ற நூல் இது. ஜெர்மனியே அழுதது. அழுத நான்காம் ஆண்டிலே, 1933 மார்ச்சு 23-இல், இட்லருக்கு மன்றத்தின் உரிமைகளை எல்லாம் எழுதிக்கொடுக்கும் சட்டம் 444 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் சமூக சனநாயகக் கட்சியினர் 94 பேர். பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்களை மன்றத்துக்குள் விடவேயில்லை. ஆறே ஆண்டில் அடுத்த போர்! இம்முறை மன்றம் கூடியது கைதட்டுவதற்காக. போரை வெறுக்கக் கற்ற மக்கள், போரைத் தடுக்கும் உரிமையைக் காக்கக் கற்கவில்லை. இரக்கம் பெரிது, ஆனால் உரிமைக்கு இரக்கம் காவல் நிற்காது.

வாக்குரிமை மந்திரக்கோல் என்று நாம் சொல்லவில்லை. 1914 ஆகஸ்டு 4-இல் போர்க்கடனுக்குக் கைதூக்கியவர்களுள், பாட்டாளிகளின் வாக்கால் வந்த சமூக சனநாயகக் கட்சியினரும் இருந்தனர். ஆனால் அதே மன்றத்தில், டிசம்பர் 2-இல், கார்ல் லீப்க்னெக்ட் என்னும் ஒரே ஒருவர் எழுந்து இரண்டாம் கடனை எதிர்த்து வாக்களித்தார். மன்றம் இருந்ததால் மறுப்புக்கு ஓர் இடம் இருந்தது. இடம் இருந்ததால் அந்தக் குரல் வரலாற்றில் பதிந்தது. அரண்மனை அறையிலே மறுப்பவனின் குரலை யார் கேட்டார்?

*

இது ஜெர்மனியின் கதை மட்டுமன்று. குடியாட்சியின் தாய் என்று புகழப்படும் பிரிட்டன், 1914-இல் தன் ஆண்களிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு வாக்கில்லாமல் போருக்குப் போயிற்று. பெண்களில் ஒரு பகுதியினர்க்கு 1918-இலும், ஆண்களுக்கு நிகராக 1928-இலுமே வாக்குத் தந்தது. அமெரிக்க இளைஞன் 18 வயதில் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டான். 21 வயதுவரை வாக்குக்குக் காத்திருந்தான். கிளர்ச்சி எழுந்தபின், 1971-இல்தான் அந்த வயது 18 ஆயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அந்தப் பெயர் நம் பேச்சிலே இன்றும் கெட்டிக்காரனுக்குப் பட்டமாக வாழ்கிறது. ஆனால், சென்னை யாருடன் எப்போது பகை கொண்டது என்று எவராவது கேட்டோமா? லண்டன் போர் தொடுத்தது; இந்தியா போரில் இருந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். 1939 செப்டம்பர் 3-இலும், வைசிராய் லின்லித்கோ எந்த மக்கள் பிரதிநிதியையும் கேளாமலே இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். ‘இந்தியா’ என்றால் யார்? அன்று, ஒரே ஒரு வெள்ளைக்காரர்!

ஆகவே, தோழர்களே, ரெமார்க்கைப் படியுங்கள், தவறாமல் படியுங்கள். படித்துக் கண்ணீர் விடுவதோடு நிறுத்தாதீர்கள். ‘நாடு போர் தொடுத்தது’ என்று ஏட்டிலோ மேடையிலோ எவர் சொன்னாலும், முடிவு செய்தவர் யார், கேட்கப்பட்டவர் யார், செத்தவர் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் விடை ஒன்றாக இராதவரை, அந்தச் சொல்லை நம்பாதீர்கள்.

மறுநாள் வகுப்புக்குச் சென்றோம். பழைய வரியைக் கரும்பலகையில் மீண்டும் எழுதினோம்; மாணவர் முன்னிலையிலேயே அழித்தோம். அதன் இடத்தில் இப்படி எழுதினோம்: “1914 ஆகஸ்டுத் திங்கள் 1-ஆம் நாள், கெய்சரும் அவருடைய அமைச்சர்களும் தளபதிகளும், ஜெர்மானிய மக்களைக் கேளாமல், ரஷ்யாமீது போர் தொடுத்தனர்.”

கடைசி வரிசை மாணவன் குனிந்து எழுதிக்கொண்டான். முதல் வரிசை மாணவன் கையுயர்த்தினான். “தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் தருவார்களா, அய்யா?”

“நாம் திருத்தும் தாளில் உண்டு” என்றோம். மற்றத் தாள்களுக்கும் சேர்த்து விடை சொல்ல வேண்டியவர்கள், இதைப் படிக்கும் ஆசிரியத் தோழர்கள்.