திண்ணைக்கு மேலே ஒரு வெளிச்சம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹேல் கவுண்டி என்ற ஏழைப் பகுதி. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ‘ரூரல் ஸ்டூடியோ’ மாணவர்கள் அங்குள்ளவர்களுக்குத் தாங்களே வீடு கட்டித் தருகிறார்கள். சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் 1993-இல் தொடங்கிய திட்டம் இது.

1994-இல் மாணவர்கள் கட்டி முடித்த வைக்கோல் கட்டு வீட்டின் முன்திண்ணை எனக்கு மிகவும் பிடிக்கும். மஞ்சள் தூண்கள், அவற்றின் மேல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் நெளித்தகடு. அந்த அகலத் திண்ணைக்குத் தகரம் போட்டிருந்தால் மழை நின்றிருக்கும், கூடவே உள்ளறைக்குப் போகும் வெளிச்சமும் நின்றிருக்கும். இந்தத் தகடு மழையை மட்டும் தடுக்கிறது. வைக்கோல் சுவரோ நல்ல தடிமன். அப்படிப்பட்ட சுவரில் வைத்த ஜன்னலில் வெயில் முதலில் பக்கவாட்டில் பட்டு, கூச்சம் தணிந்துதான் அறைக்குள் வரும்.

அதே ஸ்டூடியோ 2005-இல் தொடங்கிய 20,000 டாலர் வீடுகளிலும் இதே அக்கறைதான்: உயர்ந்த கூரை, காற்று குறுக்கே ஓடும்படி வைத்த ஜன்னல்கள். அந்த ஜன்னல்களால் இரு பக்கமும் வெளிச்சம் வரும் அறையில் பகலில் விளக்குக்கு வேலை குறைவு, மின்கட்டணமும் குறையும்.

வீடு கட்டப்போகிறவர்களே, பிளானில் லைட் பாயின்ட் குறிக்கும் முன் ஜன்னலைக் குறியுங்கள்.