பேசறதுக்கு ஒருத்தர்

சூரமங்கலத்தில் இருக்கும் அம்மாவின் வீட்டை விற்பது என்று முடிவான இரண்டாம் நாளே ஒரு புரோக்கர் வந்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஜங்ஷனுக்குப் போகும் வழியில் உள்ள டீக்கடை பெஞ்சில் எந்தச் செய்தியும் அரை நாளுக்கு மேல் ரகசியமாகத் தங்குவதில்லை. வாசலில் நின்றபடி அவர் கேட்ட முதல் கேள்வி சதுர அடியைப் பற்றியதல்ல, விலையைப் பற்றியதும் அல்ல.

"வீட்ல ஆம்பளைங்க யாருங்க இருக்காங்க?"

"வீடு என் பேர்லதாங்க இருக்குது" என்றார் அம்மா.

"அது சரிங்கம்மா. பேசறதுக்கு ஒருத்தர் வேணுமில்லீங்களா?"

அம்மாவுக்கு 71 வயது. அப்பாவின் ரயில்வே சம்பளம் சாப்பாட்டுக்கும் எங்கள் படிப்புக்கும் போனது. மனையை வாங்கியது அம்மாவின் நகையும் அவர் போட்ட சீட்டும். பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, கரண்டு பில் எல்லாவற்றிலும் அவர் பெயர்தான். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவின்படி, அப்படிப்பட்ட சொத்துக்கு அவர் முழு உரிமையாளர். விற்பதற்குக் கணவன், மகன், மருமகன் எவருடைய சம்மதமும் தேவையில்லை. ஆனாலும் அடுத்த ஏழு மாதங்களில் அந்தக் கேள்வியை நான்கு புரோக்கர்கள் கேட்டார்கள். சொற்கள் மட்டும் கொஞ்சம் மாறின. ஒருவர், "மாப்பிள்ளைங்க வந்தா முடிச்சுக்கலாங்க" என்றார். என் கணவருக்கு அந்த வீட்டில் எத்தனை ஜன்னல் என்றுகூடத் தெரியாது.

பெண்களின் சொத்துரிமை பற்றி நாம் எழுதியும் பேசியும் வந்ததில் பெரும்பகுதி, சொத்து கைக்கு வருவதைப் பற்றியது. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது, 25.3.1989க்கு முன் திருமணமானவர்களை வெளியே நிறுத்தியது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. அரசு இப்போது, 1.4.2025 முதல், பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது. (எங்கள் தெருவில் அந்தப் பணத்துக்கு ஒரு படுக்கையறை கிடைக்கலாம்.) எல்லாம் வாங்குவதற்கும் பெறுவதற்கும். பீனா அகர்வால் தெற்காசியாவில் பெண்களின் நில உரிமை பற்றி 1994இல் வெளியிட்ட நூலில், பெயரில் இருப்பது வேறு, கட்டுப்பாட்டில் இருப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். அதை மாணவிகளுக்குப் பலமுறை பாடமாக எடுத்தவள் நான். கட்டுப்பாடு என்றதும் பயிரையும் குத்தகையையும்தான் நினைத்தேனே ஒழிய, விற்கும் வேளையில் விலையைச் சொல்லும் வாயும் அதில் சேரும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

புரோக்கரின் மொழியைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். வாங்க வருபவர் "பார்ட்டி". விற்பவர் ஆணாக இருந்தால் "ஓனர்", பெண்ணாக இருந்தால் "அம்மா". இந்த அம்மாவில் மரியாதை இல்லாமல் இல்லை. ஆனால் அம்மா ஆனபிறகு கணக்குக் கேட்பது அசிங்கமாகிவிடுகிறது. "பார்ட்டி எவ்வளவு சொன்னாங்க?" என்று கேட்டால், "நம்ம அம்மாவுக்குக் கொறச்சலாவா முடிச்சுக் குடுப்பேன்?" என்று பதில் வரும். எண்ணைக் கேட்டால் உறவைக் கொடுப்பார். "சென்டிமென்ட் பாக்காதீங்கம்மா" என்பது இன்னொன்று. விலை போதாது என்று அம்மா சொல்லும் ஒவ்வொரு முறையும் அது வந்தது. 1,200 சதுர அடிக்கும் தெருவின் அகலத்துக்கும் கணக்குப் போட்டுத்தான் அம்மா பேசினார். கேட்டவர் காதில் அது சமையலறையின் மீதுள்ள பாசமாக விழுந்தது.

வந்த பார்ட்டிகள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரவில்லை. அம்மா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது மூன்று ஆண்கள் கூடத்தில் நின்றிருந்தார்கள். பீரோ வைத்திருந்த அறையைத் திறந்து பார்த்தார்கள். அம்மாவின் எண் யார் யாரிடமோ போய், இரவு பத்து மணிக்கு அழைப்பு வந்தது. தனியாக இருக்கும் பெண்ணின் வீடு, விலைக்கு வந்துவிட்டால் பாதி பொது இடம் ஆகிவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, துணி துவைக்கும் கல்லருகே, புரோக்கர் பார்ட்டியிடம் பேசுவது கேட்டது. "வீட்டுக்காரர் தவறிட்டாருங்க. ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க, வெளியூருல இருக்குது. அம்மா தனியா. ரொம்ப நாள் இழுக்க மாட்டாங்க."

நாங்கள் சொன்ன விலை 68 லட்சம். மறுநாள் பார்ட்டி 60 என்றார்.

இந்தத் தொழிலின் மீது எனக்கு உள்ள முக்கியமான புகார் இதுதான். அவர் எங்களிடம் இரண்டு சதவீதம் கேட்டவர். எங்கள் பக்கம் நிற்க வேண்டியவர். ஆனால் வீட்டுக்கு முன்னால் அவர் விற்றது அம்மாவின் நிலைமையை. கணவர் இல்லை, மகன் இல்லை, அவசரம் என்பதெல்லாம் சொத்தின் விவரங்களோடு சேர்ந்து பட்டியலில் ஏறின. அவசரம் என்பது பொய்யும்கூட. எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற ஓர் அலுவலர் தன் வீட்டை விற்றபோது இதே புரோக்கர், "சார் பையன்கிட்ட செட்டில் ஆவப் போறாரு, விலை படிஞ்சாத்தான் குடுப்பாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆண் வீட்டை விட்டுப் போனால் அது திட்டம். பெண் போனால் கஷ்டம். 60க்கும் 68க்கும் நடுவே இருந்த 8 லட்சத்துக்கு எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.

பாலு மகேந்திராவின் 'வீடு' 1988இல் வெளியானது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். அதை எப்போதும் நடுத்தர வர்க்கத்தின் சோகமாகவே பேசுகிறார்கள். வேலைக்குப் போகும் சுதா, தாத்தாவின் இரண்டு மனைகளில் ஒன்றை விற்று, மற்றதில் வீடு கட்டத் தொடங்குகிறாள். கட்டுவது படம் முழுக்க நீளும் போராட்டம். விற்றது பணம் திரட்டும் ஒரு படி, அவ்வளவுதான். படத்தைக் குறை சொல்லவில்லை. நம் மனத்திலும் அப்படித்தான். கட்டிப் பார்ப்பதற்குப் பழமொழி இருக்கிறது, விற்றுப் பார்ப்பதற்கு இல்லை. ஆனால் அந்தப் படத்தில் கான்ட்ராக்டர் சிமெண்டு திருடுவதை வெளியே கொண்டுவருவது கட்டட வேலை செய்யும் மங்கம்மா என்பதை, எங்கள் வீட்டு விஷயம் முடிந்தபிறகு நினைத்துக்கொண்டேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

சட்டத்தில் இதற்கு வழி உண்டா என்று தேடினேன். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 9ஆம் பிரிவில், முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது, அதே சட்டத்தில் பதிவான புதிய மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடித் திட்டங்களையும் விற்றுக் கொடுக்கும் முகவர்களை. அம்மா வீடு போன்ற பழைய தனி வீட்டைக் கைமாற்றிவிடுபவர் அதற்குள் வரமாட்டார். அவருக்குப் பதிவு எண் இல்லை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, கமிஷனுக்கு ரசீது இல்லை. ஆணுக்கும் இதே நிலைமைதான். ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விசாரிக்க ஆணால் முடியும். எந்த வீடு என்ன விலைக்கு முடிந்தது என்பது அந்தப் பெஞ்சில்தான் தெரியும். வழிகாட்டி மதிப்பு அதைச் சொல்லாது. அம்மா 35 வருடம் அந்தத் தெருவில் வாழ்ந்தவர், அந்தப் பெஞ்சில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

பாதிப் பணம் ரொக்கமாகத் தருவதாகவும் பேச்சு வந்தது. 2015 முதல் வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக விழலாம், அதுவும் வாங்கிய விற்பனையாளர் மீது. அதைப் புரோக்கர் சொல்லவில்லை. அம்மா கேட்டது எளிய கேள்வி: "அத்தனை பணத்தை நான் எங்கீங்க வெக்கறது?"

கடைசியில் நாங்களும் தோற்றோம். பெரியப்பா மகனைப் பேசச் சொன்னோம். அண்ணன் நல்லவர், சும்மா உட்கார்ந்தாலே போதும் என்று நினைத்தோம். அவர் வந்த அன்றிலிருந்து புரோக்கர் அம்மாவை அழைப்பதை நிறுத்திவிட்டார். டோக்கன் அட்வான்ஸ் எவ்வளவு, அக்ரிமெண்ட் எத்தனை மாதம் என்பதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. "61க்கு முடிச்சாச்சு சித்தி" என்று ஒரு நாள் சொன்னார்.

அட்வான்ஸ் தருவதற்கு முந்தின நாள், வாங்குபவரின் மனைவி வீட்டை இன்னொரு தரம் பார்க்க வந்தார். மேட்டூர்த் தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும், எத்தனை மணிக்கு வரும், தொட்டியில் எத்தனை குடம் பிடிக்கும் என்று இருவரும் அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சோடு பேச்சாக அந்தப் பெண், "65 எங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்திதாங்க்கா, நகையை வெச்சுத்தான் பொரட்டறோம்" என்றார். அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

இந்தத் தொழிலில் இதற்கு 'மேல வெச்சு விக்கறது' என்று பெயர். 4 லட்சம் மேலே இருந்தது, இரண்டு பக்கக் கமிஷன் தனி. அதில் அண்ணனுக்கும் பங்கு பேசப்பட்டிருந்ததா என்பதை நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண்ணும் அம்மாவும் அங்கேயே, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, 63 என்று முடித்துக்கொண்டார்கள். புரோக்கருக்கு ஆளுக்கு ஒரு சதவீதம்.

ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஓர் அக்கா ஆறேழு வீடுகளை வாடகைக்கு முடித்துக் கொடுத்தவர். வீட்டுக்கு வந்தவர்களிடம் தண்ணீர், பக்கத்து வீடு, மழை ஒழுகல் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவார். அவர் கைக்கு வந்தது புடவையும் தீபாவளிக்கு ஐநூறும். அதை யாரும் கமிஷன் என்று சொன்னதில்லை, அவரையும் யாரும் புரோக்கர் என்று அழைத்ததில்லை. முதல் நாளே அவரிடம் போயிருக்கலாம். எங்களுக்கும் தோன்றவில்லை.

கிரயத்தன்று சார் பதிவாளர் அலுவலகத்தில் அம்மாவின் கட்டைவிரல் ரேகை கருவியில் விழவில்லை. மூன்று தடவை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார். பத்திரத்தில் அவர் பெயருக்கு முன்னால், இறந்துபோன அப்பாவின் மனைவி என்று இருந்தது. சார் பதிவாளர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, "நீங்கதானே விக்கறீங்க? பணம் முழுசா வந்திருச்சா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அது அவர் தினமும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. அம்மா, "நான்தாங்க. வந்திருச்சுங்க" என்றார்.

வெளியே வேப்ப மரத்தடியில் புரோக்கர் நின்றிருந்தார். அம்மா கவரைக் கொடுத்தார். வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, அம்மாவைத் தாண்டிக் கை நீட்டி, பின்னால் நின்ற அண்ணனிடம் கொடுத்தார்.