ஐஸ் ஹாக்கியின் கோல் காப்பாளர்: பாணிகளும் அளவுகோல்களும்

ஐஸ் ஹாக்கியில் கோலின் அகலம் 6 அடி, உயரம் 4 அடி. அதை நோக்கி வருவது சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு. தேர்ந்த ஆட்டக்காரர் அடித்தால் அது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். பக்கத்திலிருந்து அடித்த வட்டைக் கண்ணால் கண்ட பிறகு கையை நீட்டினால் காலம் கடந்திருக்கும். ஆகவே இந்தக் கலையில் உருவான பாணிகள் எல்லாமே ஒரு கேள்விக்குத்தான் விடை தேடின: வட்டு புறப்படுமுன் காப்பாளர் எங்கே, எந்த நிலையில் இருக்க வேண்டும்?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் 1917இல் தொடங்கியபோது, காப்பாளர் நின்றபடியேதான் தடுக்க வேண்டும். பனியில் விழுந்தால் தண்டனை. ஒட்டாவா அணியின் கிளின்ட் பெனடிக்ட் தடுமாறி விழுவதுபோல் அடிக்கடி விழுந்து கோல்களைத் தடுத்தார். 1918 ஜனவரியிலேயே லீக் அந்த விதியைக் கைவிட்டது. விதி போன பிறகும் நின்றாடும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. முகக்கவசம் இல்லாத காலம் அது. மண்டியிட்டால் முகம் வட்டின் பாதைக்கு இறங்கிவிடும். டெட்ராய்ட் அணியில் புகழ்பெற்ற டெரி சாவ்சக் முதுகை வளைத்துக் குனிந்து, ஆட்டக்காரர்களின் கால்களுக்கிடையே வட்டைத் தேடினார். அதனால் அவருக்குக் கிடைத்தவை 103 ஆட்டங்களில் கோலே விடாத சாதனையும், முகம் நிறையத் தழும்புகளும்.

இந்த நிலையை மாற்றியவர் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் ஜாக் பிளான்ட். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஆன்டி பாத்கேட் அடித்த வட்டு அவர் முகத்தைக் கிழித்தது. அக்காலத்தில் மாற்றுக் காப்பாளர் அணியோடு வருவதில்லை. ஆட்டத்தை நிறுத்தி அவருக்குத் தையல் போட்டார்கள். பயிற்சியின்போது அணிந்துவந்த கவசத்தைப் போட்டுக்கொண்டால்தான் திரும்ப ஆடுவேன் என்றார் பிளான்ட். கவசம் பார்வையை மறைக்கும் என்று அதுவரை மறுத்துவந்த பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு வேறு வழியில்லை. அந்தப் பருவத்தின் முடிவில் லீக்கின் வாகையருக்குரிய ஸ்டான்லி கோப்பை மான்ட்ரியலுக்கே வந்தது. கோலை விட்டு வெளியே வந்து, வட்டை எடுத்துத் தன் அணியினருக்குத் தள்ளிவிடும் வழக்கத்தைப் பரப்பியவரும் பிளான்ட்தான். ஒரே மனிதர் இந்தக் கலையை இருமுறை மாற்றினார் என்பது மிகையாகாது.

அதே காலத்தில் கிளென் ஹால் என்ற காப்பாளர் வேறொரு வழியைக் கண்டார். முழங்கால்களை நெருக்கிப் பனியில் ஊன்றி, கணுக்கால்களை இருபுறமும் விரித்தால் கால்தடுப்புகள் கோலின் அடிப்பகுதியைச் சுவர்போல் அடைத்துவிடும். மார்பும் கைகளும் மேற்பகுதிக்கு எஞ்சியிருக்கும். இதுதான் பின்னாளில் ‘பட்டாம்பூச்சிப் பாணி’ எனப் பெயர் பெற்றது. 1955 முதல் 1962 வரை ஹால் தொடர்ந்து 502 ஆட்டங்களை முழுமையாக ஆடினார், கவசமே இல்லாமல். காப்பாளர்களின் சாதனைகளில் இதற்கு இணை வைக்கத்தக்கது எதுவுமில்லை. 1969-70இல் சிகாகோவின் டோனி எஸ்போசிட்டோ இந்தப் பாணியிலேயே 15 ஆட்டங்களில் கோல் விடாமல் காத்தார்.

பாணி பாடமாக மாறியது கியூபெக்கில். பயிற்சியாளர் பிரான்சுவா அலேர், அடியின் கோணத்தையும் உடலின் பரப்பையும் கணக்கிட்டு, வட்டைப் பிடிக்க முயல்வதைவிட வழியை அடைப்பதே மேல் என்று கற்பித்தார். அவருடைய மாணவர் பாட்ரிக் ரோய் 1986இல் 20 வயதில் ஸ்டான்லி கோப்பையை வென்று, தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். அதன்பின் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அவரைப் பார்த்தே மண்டியிடக் கற்றார்கள்.

சோவியத் மரபு தனியே வளர்ந்தது. பயிற்சியாளர் அனடோலி தாரசோவின் கடும்பயிற்சியில் உருவான விளாதிஸ்லாவ் திரெத்தியாக் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றார். தேசிய ஹாக்கி லீக்கில் ஒருமுறையும் ஆடாமலே 1989இல் டொரண்டோவின் ஹாக்கி புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். பின்னர் சிகாகோவில் எட் பெல்ஃபோருக்குப் பயிற்சியளித்தார். அந்த அணியில் பெல்ஃபோருக்கு மாற்றாகக் காத்திருந்தவர், செக் நாட்டின் பார்டுபிட்சேவிலிருந்து வந்த டொமினிக் ஹாஷெக்.

ஹாஷெக் எந்தப் பாணியிலும் அடங்காதவர். புரண்டார், மல்லாந்தார், மட்டையைப் போட்டுவிட்டு வெறுங்கையால் வட்டை அமுக்கினார். பார்ப்பவருக்கு அது குழப்பமாகத் தோன்றினாலும், அடிப்பவரின் கடைசி அசைவுவரை பொறுத்திருக்கும் துல்லியம் அதனுள் இருந்தது. 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் ஐந்து தனி அடிகளையும் தடுத்தார். இறுதியில் ரஷ்யாவை 1-0 என வென்று செக் அணி தங்கம் பெற்றது. லீக்கின் சிறந்த காப்பாளருக்கான வெசினா விருது அவருக்கு முதன்முறை கிடைத்தபோது வயது 29. இந்தத் தொழிலில் முதிர்ச்சி தாமதமாகவே வருகிறது. அவசரப்பட்டு இளைஞர்களைக் கைவிடும் அணிகள் இதை மறந்துவிடுகின்றன.

பின்லாந்து அப்படி மறக்கவில்லை. காப்பாளர்களுக்கெனத் தனிப் பயிற்சியாளர்களை அந்நாடு கீழ்நிலைக் கழகங்களிலேயே அமர்த்தியது. துர்க்குவில் உர்ப்போ உலோனன் போன்றோர் இட்ட அடித்தளத்தில்தான் மீக்கா கிப்ருசோஃப், பெக்கா ரின்னே, துக்கா ராஸ்க் ஆகியோரை உருவாக்கிய மரபு எழுந்தது.

அளவுகோல்கள் பாணிகளைவிட மெதுவாகவே வளர்ந்தன. காப்பாளர் ஜார்ஜ் வெசினா காசநோயால் 1926இல் இறந்தபின் அவர் பெயரில் நிறுவிய விருது, மிகக் குறைந்த கோல்களை விட்ட அணியின் காப்பாளருக்கே சென்றது. 1928-29இல் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22இல் கோல் விடவில்லை. அடுத்த பருவத்தில் முன்னோக்கி வட்டைக் கொடுக்கும் விதி தளர்ந்ததும் அந்த எண்ணிக்கை 4 ஆனது. திறமை மாறவில்லை, விதி மாறியது. தற்காப்பு வலுவான அணியில் நிற்பவருக்கு எண்கள் தாமாகவே அழகாகும் என்பதை உணர்ந்து, 1981-82 முதல் வெசினா விருதை அணி மேலாளர்களின் வாக்குக்கு விட்டார்கள். குறைந்த கோல்களுக்கு ஜென்னிங்ஸ் என்ற தனி விருது வந்தது.

வந்த அடிகளில் எத்தனையைத் தடுத்தார் என்னும் விகிதம் இன்னும் நேர்மையானது. 1980களின் தொடக்கத்தில் லீக்கின் சராசரி நூற்றுக்கு 87, 88 அளவில் இருந்தது. 2010களில் 91ஐத் தாண்டியது. பட்டாம்பூச்சிப் பாணி, பெரிய கால்தடுப்புகள், முழுநேரப் பயிற்சியாளர்கள் மூன்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் இந்த விகிதமும் எளிய அடியையும் கடினமான அடியையும் ஒன்றாகவே எண்ணும். எனவே இன்றைய அணிகள் ஒவ்வோர் அடியும் கிளம்பிய இடத்தையும் கோணத்தையும் பதிந்து, சராசரிக் காப்பாளர் எத்தனை கோல் விட்டிருப்பார் என்று கணித்து ஒப்பிடுகின்றன. காப்பாளரின் பணிச்சுமையும் மாறிவிட்டது. 2006-07 பருவத்தின் 82 ஆட்டங்களில் காப்பாளர் மார்ட்டின் ப்ரோடர் 78 ஆடினார். இன்று ஒரு பருவத்தில் 60 ஆட்டங்களைத் தொடுபவரே குறைவு. இரு காப்பாளர்கள் பணியைப் பகிர்ந்துகொள்வதால், ப்ரோடரின் 691 வெற்றிகளையோ கோல் விடாத 125 ஆட்டங்களையோ எட்டும் வாய்ப்பு இனி யாருக்கும் அமைவது அரிது.