பிழைக்கு அஞ்சாமல், பார்வையை விடாமல்

தினமும் ஒரு படம் வரையுங்கள். நன்றாக வந்ததா இல்லையா என்று கவலைப்படாதீர்கள். பெரியவர்களான பிறகு பென்சிலைக் கையில் எடுக்க விரும்புவோருக்கு இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரை இது. இதை ஓர் இயக்கமாக வளர்த்ததில் சிலருக்குப் பங்குண்டு. நியூயார்க்கில் விளம்பரத் துறையில் இருந்த டேனி கிரெகரி, சுரங்க ரயில் விபத்தில் மனைவி நடக்கும் ஆற்றலை இழந்த பிறகு, அன்றாடப் பொருள்களை வரையத் தொடங்கினார். அந்த அனுபவமே 2003-இல் ‘எவ்ரிடே மேட்டர்ஸ்’ என்ற நூலாயிற்று. சியாட்டில் பத்திரிகையாளர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-இல் தொடங்கிய குழு, ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்ற பெயரில் உலகெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. ஓவியர் ஜேக் பார்க்கர் 2009-இல் தனக்கென வைத்துக்கொண்ட சவால், அக்டோபர் மாதத்தின் 31 நாளும் மையால் வரையும் ‘இங்க்டோபர்’ ஆனது.

தினசரிப் பயிற்சி என்பது புதிதல்ல. கிரேக்க ஓவியர் அப்பெல்லீஸ், எவ்வளவு வேலை இருந்தாலும் ஒரு கோடாவது இழுக்காமல் ஒரு நாளையும் கழித்ததில்லை என்று முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். அந்தக் கோடு கைத்திறனுக்கான சாதகம். இன்றைய அறிவுரையில் புதிதாகச் சேர்ந்திருப்பவை இரண்டு: கவலை வேண்டாம் என்பது ஒன்று, மகிழ்ச்சியே போதும் என்பது மற்றொன்று. இந்தச் சேர்க்கையால் கிடைத்த நன்மை பெரிது. ஆனால் அதே சேர்க்கையால்தான் பலருடைய பயிற்சி தொடங்கிய இடத்திலேயே தேங்கி நிற்கிறது. இரண்டையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

முதலில் நன்மை. வரையத் தெரியாது என்று சொல்லும் பெரியவர்களில் பெரும்பாலோர் வரைந்து பார்த்துத் தோற்றவர்கள் அல்லர். பத்து வயதை ஒட்டி நிறுத்திவிட்டவர்கள். ‘டிராயிங் ஆன் த ரைட் சைட் ஆஃப் த பிரெய்ன்’ நூலை 1979-இல் எழுதிய பெட்டி எட்வர்ட்ஸ் இதைத் தெளிவாகக் கவனித்தார். மூளையின் இடப்பாதி, வலப்பாதி பற்றி அந்த நூல் சொன்ன விளக்கம் மிகையான எளிமைப்படுத்தல் என்று பின்னர் விமர்சிக்கப்பட்டது. இந்தக் கவனிப்பு மட்டும் இன்றும் செல்லும். கண்ணுக்குத் தெரிவது போலவே வர வேண்டும் என்ற ஆசை அந்த வயதில் பிறக்கிறது. அதற்கான வழியை யாரும் சொல்லித் தராததால் குழந்தை பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொதுத்தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்பு. அதன்பின் ஒரு மாணவர் கடைசியாக வரைந்தது பெரும்பாலும் விலங்கியல் ரெக்கார்டு நோட்டில்தான் இருக்கும். அங்கே அவர் வரைவது தவளையை அல்ல. பாடநூலில் வேறொருவர் வரைந்து வைத்த தவளையின் உணவு மண்டலத்தை. பென்சிலைக் கூராகச் சீவி, அழித்த தடம் தெரியாமல், பாகங்களுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால் மதிப்பெண். அறிவியல் பாடத்துக்கு அந்த ஒழுங்கு தேவை. ஆனால் ஓவியம் என்றாலே சுத்தம், அச்சு மாறாத நகல் என்ற எண்ணம் அங்கிருந்துதான் மனத்தில் ஊன்றிவிடுகிறது. இப்படி வளர்ந்தவரிடம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை என்று சொல்வது பூட்டிய கதவைத் திறந்துவிடும் காரியம். இந்த இயக்கத்தை எவ்வளவு விமர்சித்தாலும், இந்த ஒரு நன்மைக்காக அதற்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும்.

ஆய்வுகளும் ஓரளவு துணை நிற்கின்றன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வாம்ஸ், மீட், ஃபெர்னாண்டஸ் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களை எழுதியவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்கள் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். படம் அழகாக இருந்ததா என்பது பலனைப் பாதிக்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் கலைவேலையில் ஈடுபடுத்தினார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் குறைந்தது; முன்அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இதைத் தினசரிப் பழக்கத்துக்கான சான்றாகக் காட்டுவது சரியல்ல. அது ஒரே ஒரு அமர்வு. களிமண்ணும் படத்துண்டு ஒட்டுவதும் அதில் அடக்கம். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. முழுமையை எதிர்பார்க்காத வரைதலும் பயன் தரும் என்ற அளவில் இந்த ஆய்வுகளை ஏற்கலாம், அதற்கு மேல் அல்ல.

இனிக் குறை. மேசைமேல் இருக்கும் எவர்சில்வர் டம்ளரைச் சற்று மேலிருந்து பாருங்கள். அதன் வாய் நீள்வட்டமாகத் தெரியும். புதிதாக வரைபவர் அந்த நீள்வட்டத்தின் இரு ஓரங்களையும் மீன் வடிவில் கூராக்கிவிடுவார். அடிப்பகுதிக்கு ஒரு நேர்கோடு போடுவார். டம்ளர் தட்டையான மேசையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவு கண்ணை முந்திக்கொள்கிறது. உண்மையில் அடிப்பகுதி கண்மட்டத்துக்கு வாயைவிடக் கீழே இருக்கிறது. அதனால் அங்கே தெரியும் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக உருண்டிருக்கும். ஓரம் எங்கும் கூராவதில்லை. சின்னதாகத் திரும்பி மறுபக்கம் போகிறது.

இந்தப் பிழையை மூன்று விதமாக எதிர்கொள்ளலாம். எனக்கு இது வராது என்று நோட்டை மூடலாம். பரவாயில்லை என்று அடுத்த பக்கத்துக்குப் போகலாம். டம்ளரை மறுபடி பார்த்து, எங்கே ஏமாந்தோம் என்று தேடி, பக்கத்திலேயே இன்னொன்று போடலாம். முதல் வழியிலிருந்து மக்களை மீட்க வந்த அறிவுரை, நடைமுறையில் பலரை இரண்டாவது வழியிலேயே விட்டுவிடுகிறது. நேர்கோட்டு அடியோடு நூறு டம்ளர் வரைந்தவருக்கு நூற்றியோராவது டம்ளரும் அப்படியேதான் வரும். கை வேகமாகியிருக்கும், தயக்கம் போயிருக்கும், பிழை மட்டும் இறுகியிருக்கும். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பிரித்துக் காட்டியது. செய்ததையே செய்வது வேறு; குறையைக் குறிவைத்துத் திருத்தும் பயிற்சி வேறு. பின்னது பெரும்பாலும் இன்பமாக இருப்பதில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள்.

மகிழ்ச்சியை மட்டுமே அளவுகோலாக வைத்தால் வரும் சிக்கல் இங்கே தெரிகிறது. மகிழ்ச்சி வேண்டும் என்பவர் தனக்கு வருவதையே வரைவார். தொட்டிச் செடி வரும், காபிக் கோப்பை வரும். கை விரல்கள் வராது, சைக்கிள் வராது, பேருந்து நிலையத்துக் கூட்டம் வராது. நோட்டுகள் நிறையும், கண் போய்ச் சேராத இடங்கள் அப்படியே கிடக்கும். சைக்கிளின் இரு சக்கரத்துக்கும் நடுவே உள்ள முக்கோணச் சட்டம் எப்படி இணைகிறது என்று பிடிபடும்போது கிடைக்கும் மகிழ்ச்சி வேறு ரகம். அதற்கு முந்தைய அரைமணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சலைப் பொறுக்கச் சொல்லித் தராத மகிழ்ச்சி பாதியிலேயே தீர்ந்துபோகும்.

‘தினமும்’ என்ற கட்டளையிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. ஃபிலிப்பா லாலி குழுவினர் லண்டனில் 96 பேரிடம் நடத்திய பழக்க ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. அப்படியிருக்க, தொடர்ச்சி அறுந்துவிட்டதே என்று மனம் உடைந்து மொத்தமாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. படம் சரியாக வர வேண்டும் என்ற பயத்தை விரட்டிவிட்டு, வருகைப் பதிவேடு சரியாக இருக்க வேண்டும் என்ற பயத்தை உள்ளே விட்டதுதான் மிச்சம்.

வரைந்ததை உடனுக்குடன் இன்ஸ்டாகிராமில் காட்டுவதும் யோசிக்க வேண்டியது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் 1973-இல் வெளியிட்ட சோதனை, வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு நடந்தது. படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சில குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் அவர்கள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. வாக்களிக்கப்பட்ட பரிசு, இருந்த ஆசையையே அரித்துவிட்டது. லைக் எண்ணிக்கையும் அதே வேலையைச் செய்யக்கூடும் என்பதே என் அச்சம். பிறர் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் கை தானாகவே பாதுகாப்பான படத்தைத் தேடும்.

முழுமையை எப்படி நடத்துவது என்பதற்கு நல்ல வழிகாட்டிகள் வரலாற்றில் இருக்கிறார்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் எண்பது வயதைக் கடந்த பிறகு, 1842, 1843 ஆண்டுகளில், தீமை விலகட்டும் என்ற வேண்டுதலோடு நாள்தோறும் ஒரு சிங்கம் வரைந்தார். சில வீச்சில் முடிந்த அந்தத் தாள்கள் இருநூறுக்கு மேல் எஞ்சியிருக்கின்றன. அதே மனிதர் 1834-இல், எழுபது வயதுக்கு முன் தான் வரைந்த எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றும், நூற்றுப்பத்து வயதில் தன் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிர்பெறும் என்றும் எழுதியவர். முழுமையை அவர் கைவிடவில்லை. நீண்ட தவணைக்குத் தள்ளிவைத்தார். அதனால் இன்றைய தாள் அவருக்குச் சுமையாகவில்லை.

ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கோலைடிஸ் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1941-இல் வெளிவந்த ‘த நேச்சுரல் வே டு டிரா’, முதல் ஐயாயிரம் பிழைகளைச் சீக்கிரம் செய்துவிடச் சொல்கிறது. இந்த வரியை மேற்கோள் காட்டுவோர், அவர் ஒவ்வொரு பாடத்துக்கும் பதினைந்து மணி நேரப் பயிற்சி விதித்ததைச் சொல்வதில்லை. தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பிலேயே கண்ணை வைத்து வரையும் பயிற்சி அவருடைய முதல் பாடங்களில் ஒன்று. அதில் படம் கட்டாயம் கோணலாக வரும். ஆனால் பார்வை ஒரு நொடியும் நழுவக்கூடாது. பிழைக்கு முழு மன்னிப்பு, கவனக்குறைவுக்குச் சிறிதும் இல்லை என்பதே அவர் முறை. நம்மிடையே, ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில்களுக்கே போய்ச் சிற்பங்களை வரைந்த ஓவியர் சில்பியின் கோடுகளிலும் இந்தக் கவனத்தைப் பார்க்கலாம். அங்கே துல்லியம் என்பது எதிரே இருக்கும் கல்லுக்குச் செய்த மரியாதை.

ஆகவே, அன்றாட வரைதல் பழக்கத்தை முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன், சில திருத்தங்களோடு. பத்து நிமிடம் போதும்; பால்பாயின்ட் பேனாவும் சாதாரண நோட்டும் போதும். ஒரு நாள் விட்டால் மறுநாள் தொடருங்கள். படத்தைக் கண்டு வெட்கப்பட வேண்டாம். ஆனால் பேனாவை மூடும் முன் பொருளை இன்னொரு முறை பார்த்து, எங்கே கண் ஏமாந்தது என்று ஒரே ஒரு இடத்தைக் கண்டுபிடியுங்கள். வாரத்தில் ஒரு நாள் வராத ஒன்றை வரையுங்கள். யாருக்கும் காட்டாத நோட்டு ஒன்றை வைத்திருங்கள். மாதம் ஒருமுறை பழைய பக்கங்களைப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் பிழை எது என்று பாருங்கள். அடுத்த மாதத்துக்கான பாடம் அதுவே.

அச்சமும் அக்கறையும் ஒன்றல்ல. வந்த படத்தைப் பற்றிய அச்சம் கையைக் கட்டிப்போடுகிறது. பார்க்கும் பொருளின் மேல் உள்ள அக்கறை கையை நடத்துகிறது. இந்த இயக்கம் முன்னதை விரட்டியதில் வென்றிருக்கிறது. பின்னதையும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினால், இன்று பொழுதுபோக்காக நிற்கும் இந்தப் பழக்கம் ஆயிரக்கணக்கானோருக்கு நல்ல கல்வியாகவும் அமையும்.